படகுக்குக் காசில்லை

கிளைடு ஆற்றின் கோவன் துறைப் படகில்
உட்கார இடமும் கிடையாது, கட்டணமும் கிடையாது.
சனிக்கிழமை மதியம்
கப்பல் பட்டறைச் சுத்தியல்கள் ஓய்ந்ததும்
பாசி வழுக்கும் படிகளில்
அப்பாவின் கோட்டுப் பையைப் பிடித்தபடி இறங்குவோம்,
நானும் ஊனாவும்.

ஆறிப்போன தேநீர் நிறத்தில் ஆறு,
மேலே எண்ணெய் மினுக்கம்.
மூன்று நிமிடப் பயணம்தான்.
அதற்குள் டூகல் சித்தப்பா
முழு ஆட்டத்தையும் ஆடி முடித்து
நடுவரையும் திட்டித் தீர்த்துவிடுவார்.

மைதான வாசலில்
இரும்புச் சுழல்கதவுக்கு மேலே
எங்களைத் தூக்கி அந்தப் பக்கம் இறக்குவார் அப்பா.
தூக்க முடிகிற பிள்ளைக்குச் சீட்டு வேண்டாம்.
காவலாளி வானத்தைப் பார்த்துக்கொள்வார்.

அறுபத்திரண்டு மார்ச், நல்ல மழை.
அக்குளில் கைகொடுத்துத் தூக்கியவர்
பாதியிலேயே இறக்கிவிட்டார்.
முழங்கால் கம்பியில் இடித்தது.
ஒன்றும் பேசாமல் சில்லறை எண்ணினார்.
ஊனா மட்டும் பறந்து போனாள்.

அன்று ஜெயித்தது யார், நினைவில்லை.
திரும்பும் படகில்
கோட்டுப் பையைப் பிடிக்காமல்
ஈரக் கம்பளி நாறும் ஆண்களுக்கு நடுவே நின்றேன்.
"அந்த ரெண்டாவது கோல் ஆஃப்சைடுதானே?"
சித்தப்பா கேட்டார்,
என்னிடம்.

இல்லவே இல்லை என்றேன்.