பந்து எழாத இடம்

எங்கள் சிமெண்ட் தரையில்
வடக்கு ரிங்குக்கு இடப்பக்கம்
அடிக்கோட்டிலிருந்து மூன்று எட்டில்
ஓரிடம் உண்டு. அங்கே பந்து எழாது.
தட்டினால் அப்படியே குந்திக்கொள்ளும்
சோறு வேண்டாமென்ற பிள்ளை மாதிரி.
எந்த மழையில் அடிமண் போனதோ.
முதலாண்டுப் பெண்களுக்கு
முதலில் காட்டுவது அதைத்தான்.
கேன்டீன் அப்புறம்.

நான் பதினான்காம் எண்,
பெஞ்சில் கடைசி ஆள்.
ஆகவே கணக்கு நோட்டு என்னிடம்.
கூடை விழுந்தால் சாய்கோடு,
ஃப்ரீ த்ரோவுக்கு உருட்டிக் கறுப்பித்த பொட்டு,
ஃபவுலுக்குக் கட்டம்.
ஐந்து கட்டம் நிறைந்தவள்
என் பக்கத்தில் வந்து விழுவாள்,
என் தாளில் தண்ணீர் சிந்துவாள்.

பெரும்பாலும் டெல்பின்.
விடிகாலை காசிமேட்டில் இறால் பிரித்துவிட்டு
ஐஸ் குத்திய விரல்களோடு வருவாள்.
"பந்து சூடா கீதுடி" என்பாள்,
மார்கழிக் குளிரில்.

மண்டல லீக். எட்டுக் கல்லூரி, ஏழு ஆட்டம்.
முதல் நாலு பேருக்கு அரையிறுதி.

தெற்கே ஒரு கல்லூரியில் மரத்தரை.
பந்து எங்களைக் கேட்காமல் இடுப்புக்கு மேல் எழுந்தது.
முப்பத்தொரு புள்ளியில் தோற்றோம்.
எல்லாரும் வேனுக்குப் போன பிறகு
ரிஹானா மட்டும் ஷூவைக் கழற்றி
வெறும் பாதத்தால் அந்தத் தரையைத்
தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
நான் அதை எழுதவில்லை. அதற்குக் குறி கிடையாது.

அப்புறம் எண்ணூர்.
ஹார்பருக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள்
சாலையின் இரண்டு பக்கமும் நின்றன,
சுவர் நகர மறந்த மாதிரி.
எர்ணாவூரில் இறங்கி ஓடினோம்.
யுவராணி தோளில் பந்து மூட்டை,
ஹெப்சிபா மிஸ் கையில் செருப்பு.
ஒரு கிளீனர் பையன் மேலிருந்து கத்தினான்:
"இன்னாக்கா, ரேஸா?"
இருபத்திரண்டு நிமிடம் தாமதம்.
நடுவர் விசில் கயிற்றைச் சுற்றிப் பைக்குள் போட்டிருந்தார்.
இருபதுக்குப் பூஜ்யம் என்றார்கள்.
ஒரு பந்தும் ரிங்கைத் தொடவில்லை.
மணலிப் பக்கம் அந்தத் தீ மட்டும்
எரிந்துகொண்டே இருந்தது.

மற்றவற்றில் மூன்று ஜெயித்தோம், ஒன்று தோற்றோம்.
கடைசி ஆட்டம் எங்கள் தரையில்.
காலையில் துடைப்பத்தால் மழைநீரைத் தள்ளினோம்.
நாற்பத்தாறு, நாற்பத்தாறு.
டெல்பினுக்கு ஐந்தாவது கட்டம்.
ரிஹானாவின் கணுக்கால் வீங்கி ஐஸில் இருந்தது.
மிஸ் திரும்பிப் பெஞ்சைப் பார்த்தார்.
பெஞ்சில் நான்தான் இருந்தேன்.
பேனாவை டெல்பினிடம் கொடுத்தேன்.

ஒன்பது நொடி.
அவர்களின் ஏழாம் எண் இடப்பக்கமாக வந்தாள்.
நல்ல ஆட்டக்காரி. அவள் மேல் தப்பு ஒன்றுமில்லை.
மூன்று எட்டு. தட்டினாள்.
பந்து குந்திக்கொண்டது.
நான் குனிந்து எடுத்துக்கொண்டு ஓடினேன்,
பின்னாலிருந்து ஜெர்சியைப் பிடித்தாள்,
தையல் விட்ட சத்தம் எனக்குக் கேட்டது.
இரண்டு ஃப்ரீ த்ரோ.
முதலாவது எங்கோ.
இரண்டாவது போர்டில், ரிங்கில், மறுபடி ரிங்கில்,
யோசித்து யோசித்து உள்ளே.

ஜெயித்தோம். அரைமணி நேரம்
மிஸ் உட்பட எல்லாரும் நனைந்திருந்தோம்.

அப்புறம் பட்டியல் வந்தது.
நாலாவது கல்லூரிக்கும் நாலு வெற்றி, மூன்று தோல்வி.
எங்களுக்கும் அதேதான்.
அவர்களுக்குப் பதினொன்று, எங்களுக்குப் பத்து.
தோற்றவர்களுக்கும் ஒரு புள்ளி உண்டாம்.
வராதவர்களுக்குத்தான் இல்லை.
"வந்தோமே" என்றாள் யுவராணி,
யாரிடமும் இல்லாமல்.

நோட்டு இன்னும் என்னிடம்தான்.
என் எண்ணுக்கு எதிரே ஒரே ஒரு பொட்டு,
என் கையெழுத்து இல்லை.
டெல்பின் பேனாவை அழுத்தி உருட்டியதில்
தாள் ஓட்டையாகிவிட்டது.
பக்கத்தைத் திருப்பினால்
அடுத்த ஆட்டத்துக்கான வெற்றுத்தாளிலும்
அதே இடத்தில் மசி.
கொஞ்சம் இறால் வாசனையும்.