திங்கட்கிழமை வண்டிகள்

திங்கள் விடிகாலை நாலு மணிக்கு
மலைகள் வந்து நிற்கும்
லிங்கராஜபுரம் ரயில் பாதைக்குப் பின்னால்
நஞ்சுண்டப்பாவின் ஷெட்டில்.
பன்னிரண்டு சீட்டு மூன்று, பதினேழு சீட்டு இரண்டு.
என்ஜின் சூடு ஆறியிருக்காது.

கண்ணாடியில் ஒட்டிய ஊர்ப்பெயரை நான் நம்புவதில்லை.
டயரைத்தான் பார்ப்பேன்.
காப்பிக் கசண்டாய்ப் பிசுபிசுத்தால் குடகு.
செங்கல்பொடியாய் உதிர்ந்தால்
பந்திப்பூரில் மான் பார்க்க இறங்கியிருக்கிறார்கள்,
இறங்கக்கூடாது என்று பலகை வைத்த இடத்தில்.
ஜன்னல்களுக்கு வெளியே வாந்திக் கோடு,
அதுவும் வரிசையாய் ஐந்து ஜன்னலுக்கு என்றால்
சந்தேகமே வேண்டாம், கொல்லிமலை.
எழுபது வளைவு.
எலுமிச்சம்பழத்தை முகர்ந்து முகர்ந்து
கடைசியில் சீட்டுக்கடியில் போட்டிருக்கிறார்கள்.

நான் ஒரு மலைக்கும் போனதில்லை.
சனி ஞாயிறு எனக்குக் கல்யாண மண்டபத்தில்
அண்டா தேய்க்கிற வேலை.

சீட்டுக்கடியில் கைவிட்டால்
வர்க்கித் துகள், தைலக் குப்பியின் மூடி,
ஒரு பைன் காய், குழந்தையின் ஒற்றைச் சாக்ஸ்,
சஃபாரி டிக்கெட்.
அதன் முதுகில் யாரோ கணக்கு எழுதியிருந்தார்கள்:
புலி சைபர், மயில் நாலு, சித்தப்பா குறட்டை ஒன்று.
அதை மட்டும் ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டேன்.

பின்கண்ணாடியில் ஒரு குரங்கின் உள்ளங்கை.
என் கையை அதன்மேல் வைத்துப் பார்த்தேன்.
ரேகைகூட இருந்தது.
துடைத்தேன். அதற்குத்தானே சம்பளம்.

காவிரித் தண்ணீரில் வண்டி கழுவினால் அபராதமாம்,
அதனால் போர்வெல்.
குடகில் பிறந்தவள் எங்கள் தெருக்குழாய் வரை வருகிறாள்,
குடகுச் சேற்றைத் தொட மட்டும்
அவளுக்கு அனுமதி இல்லை.

ரத்தக் கறைக்கு இருநூறு ரூபாய் கூடுதல்.
மழை மாசத்தில் அட்டை கடித்த கால்கள்
சீட்டெல்லாம் பொட்டு வைத்துவிட்டு வரும்.
பார்ட்டிகள் சண்டை பிடிப்பார்கள்,
அட்டை என்ன எங்கள் வீட்டு வளர்ப்பா என்று.

இன்று கடைசி சீட்டின் மிதியடியை உதறிவிட்டு
அடுத்ததைத் தூக்கும்போது கணுக்காலில் ஈரம்.
வலியே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.
நூலாய் வந்திருக்க வேண்டியது
இலந்தைக்கொட்டையாய் உருண்டு தொங்கியது.

"அசையாதே பெனடிக்டா, உப்பு கொண்டாரேன்"
தஸ்தகீர் அண்ணன் எழுந்தார்,
ரெண்டு ராத்திரி ஓட்டிய கண்கள்.
வேண்டாம் என்றேன்.
ஏன் என்றார்.
எனக்கே தெரியவில்லை.
உப்பிட்டவரை நினை என்பார்கள்,
இதற்கு உப்பிட்டால் நினைக்க அது இருக்காது.
பட்டினியாய்ச் சுருண்டு
இருநூற்றைம்பது கிலோமீட்டர் வந்திருக்கிறது.
அங்கிருந்து என்னைத் தேடி
வேறு யார் வந்தார்கள்?

வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தேன்.
இந்த ஷெட்டில் நான் உட்கார்ந்து
யாரும் பார்த்ததில்லை.
அண்ணன் தன் டீயில் பாதியை மூடியில் ஊற்றிக் கொடுத்தார்.
மேலே எப்படி இருக்கும் என்று கேட்டேன்.
இருபது வருஷமாய் ஓட்டுகிறவர்
வெகுநேரம் யோசித்தார்.
"பார்க்கிங்ல குளிரும்" என்றார்.

அதுவாகவே உதிர்ந்தது.
சிமெண்டில் விட்டால் பத்து மணி வெயில் தாங்காது.
ஈரச் சாக்கில் சுருட்டி
ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் செருகினேன்.
வெள்ளி இரவு பத்தரைக்கு மடிகேரி போகிற வண்டி.
அதுவரை தினம் ஒரு கை தண்ணீர் தெளிக்கலாம்.
பிழைக்குமா தெரியாது.

ரத்தம் நிற்கவேயில்லை.
மீதி வண்டிகளைக் கழுவக் கழுவ
தரை முழுக்க என் கால்பொட்டு.
எட்டு மணிக்கு வந்த நஞ்சுண்டப்பா நோட்டை விரித்து
இந்தக் கறை யார் கணக்கு என்றார்.
என் கணக்கு என்றேன்.
அவர் எழுதவில்லை, பேனாவால் காதைக் குடைந்துகொண்டு
வெள்ளிக்கிழமை மடிகேரிக்கு எத்தனை பேர் என்று
அண்ணனைக் கேட்டார்.
பதினேழு என்றார் அண்ணன்.

நான் குழாயைத் திறந்துகொண்டே
பதினெட்டு என்றேன்.
தண்ணீர்ச் சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது.