கட்டிந்தா?

வெற்றிலை போடாதவன் வாய் சிவந்திருந்தது.
வேர்க்கடலைக்குத் தண்ணீர் கட்டப் போனவனை
ஷேர் ஆட்டோவின் பின்சீட்டில் கிடத்தி
கார்வேட்நகரம் ரோடு வழியாக, சோதனைச் சாவடி தாண்டி
பள்ளிப்பட்டு ஆஸ்பத்திரிக்குள் கொண்டுவந்தபோது
இரவு பத்தே முக்கால்.
சீட்டில் எழுதினேன்: கங்குலப்பா, நாற்பத்தொன்று.
மாநிலம் என்ற கட்டத்தைக் காலியாக விட்டேன்.

முழங்காலுக்குக் கீழே
புடவைக் கிழிசலால் இறுக்கியிருந்தார்கள்.
டாக்டர் ஷாகிரா அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தளர்த்தினார்.
அவன் மனைவி முனெம்மா கையில் உரச் சாக்கு.
உள்ளே, அடிபட்டுச் செத்த கண்ணாடி விரியன்.
ஓரமாக வையம்மா என்றேன், திரும்பிப் பார்க்காமல்.

இரண்டு மில்லி ரத்தம் எடுத்தேன்.
கண்ணாடிக் குழாய்தான் வேண்டும், சோப்பே காணாதது.
பிளாஸ்டிக்கில் ரத்தம் சோம்பி நிற்கும்.
கண்ணாடி பட்டால்
எங்கோ கிழிந்துவிட்டதென்று மிரண்டு வேலையைத் தொடங்கும்.
இருபது நிமிடம் ஆட்டக்கூடாது.
அந்த மேசையில் கை ஊன்றக்கூட யாரையும் விடமாட்டேன்.

உள்ளே நடக்க வேண்டியது இது:
ஒருவன் விழித்து அடுத்தவனைத் தட்டுவான்,
அவன் அடுத்தவனை.
எண் கொடுத்திருக்கிறார்கள், பதின்மூன்று வரை.
ஆறு மட்டும் கிடையாது.
ஒரு காலத்தில் கொடுத்தார்கள்,
அப்படியொருவன் தனியாக இல்லையென்று தெரிந்ததும் எடுத்துவிட்டார்கள்,
அந்தக் காலி மனையை வேறு யாருக்கும் எழுதித் தரவில்லை.
நர்சிங் பரீட்சையில் எல்லாம் மறந்தேன், அந்த ஆறைத் தவிர.
கடைசி ஆள் விழிக்கும்போது
ரத்தத்தில் கரைந்து கிடந்தது நூலாகும்.
நூல் பின்னி வலையாகும், சிவப்பணுக்கள் அதில் மாட்டும்,
தட்டணுக்கள் முனைகளைப் பிடித்து இழுக்கும்.
காய் நறுக்கும்போதும் சவரம் செய்யும்போதும்
நம்மிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் நடப்பது.

விரியன் விஷம் இதைத் தடுப்பதில்லை.
எல்லோரையும் ஒரே நேரத்தில் எழுப்பிவிடுகிறது.
காயமே இல்லாத இடத்திலெல்லாம்
கட்டு, கட்டு என்று விரட்டுகிறது,
கைவசமிருந்த நூல் தீரும்வரை.
அப்புறம் ஈறு கசியும்.
ஊசி போட்ட துளை மூடாது.

"கட்டிந்தா சிஸ்டர்?" என்றாள் முனெம்மா.
என் தெலுங்கு பஸ் ஸ்டாண்டு வரைக்கும்தான் போகும்.
ஆனாலும் இந்தச் சொல்
எந்தச் சாவடியிலும் நிற்காமல் வந்தது.
வீடு, தாலி, வாய்க்கால் தண்ணீர், வாங்கிய கடன்
எல்லாம் அவளும் கட்டியவள்தான்.

பதினொன்று இருபது. சாய்த்தேன்.
டீ மாதிரி ஓடியது.
"லேது" என்றேன்.

பத்து குப்பி மருந்து.
தூளைக் கரைக்கையில் குலுக்கக்கூடாது, நுரைத்துவிடும்,
உள்ளங்கையில் உருட்ட வேண்டும்.
எந்த ஊர் லாயத்துக் குதிரையோ
இவனுக்காக முன்கூட்டியே விஷத்தோடு சண்டையிட்டு வைத்தது
சொட்டுச் சொட்டாக இறங்கியது.
நான்காவது குப்பிக்குத் தண்ணீர் ஆம்பூல் உடைத்தபோது
என் கட்டைவிரல் கிழிந்தது.
பஞ்சை அழுத்திக்கொண்டு ஐந்தாவதை எடுத்தேன்.

ஆறரை மணிக்கு இரண்டாவது குழாய் நிறுத்தினேன்.
வெளியே திருத்தணி பஸ் ஹாரன் அடித்தது.
முனெம்மா கண்ணை எடுக்கவில்லை.
எனக்குத்தான் பார்க்கப் பிடிக்காமல்
கையைப் பார்த்தேன். பஞ்சைக் காணோம்.
விரலில் ஒரு கறுத்த கோடு.
எப்போது நின்றதென்று தெரியாது,
நின்றதற்காக நான் எதுவும் செய்யவில்லை.

ஆறு ஐம்பது.
குழாயைத் தன்னிடம் கேட்டாள்.
கொடுக்கக்கூடாது.
ஒரு கையுறையை மாட்டிவிட்டுக் கொடுத்தேன்.
தயிர்ச் சட்டியைச் சாய்ப்பதுபோல் சாய்த்தாள்,
இன்னும் சாய்த்தாள்,
தலைகீழாகக் கவிழ்த்தாள்.

இருவரும் எதுவும் சொல்லவில்லை.
வாங்கி டிரேயில் வைத்து, நேரத்தைக் குறித்து,
அடுத்த ஷிப்ட்டுக்கு
ஒரு காலிக் குழாயை எடுத்து வைத்தேன்.
சாக்கு இன்னும் ஓரத்தில் இருந்தது.