தொடர் நான்கு

சோஹார் துறைமுகத்துக்குப் பின்னால்
ஏசி உறுமும் போர்ட்டா கேபினில்
மாதக் கடைசியில் வரைபடம் போடுகிறவன் நான்.
நான்கு பிளாக், நான்கு கோடு,
எந்தத் தேதியில் எத்தனை லிட்டர் தண்ணீர்.

தலைப்பு வரிசையையும் சேர்த்துத் தேர்ந்தெடுக்க மறந்தால்
எக்ஸெல் தானே பெயர் வைத்துவிடும்:
தொடர் 1, தொடர் 2, தொடர் 3, தொடர் 4.
கேம்ப் வாசலில் பெயர் கேட்காமல்
அறை எண்ணை மட்டும் குறித்துக்கொள்வார்களே, அப்படி.
மறந்துவிட்டேன் என்றுதான் சொல்லிவந்தேன்.

ஜூனில் தொடர் நான்கு ஒரு பள்ளத்தில் விழுந்தது.
ஜூலையில் மூன்று பள்ளம்.
'சிக்கனம்' என்றார் கூட்டத்தில் ஒருவர்.
தலைகள் அசைந்தன.
நானும் மினிட்ஸில் எழுதினேன்,
எழுத்துப்பிழை இல்லாமல்.

ஆகஸ்டில் புது இன்ஜினியர் ஹமூத்
எல்லோரும் போனபின் தாளை என் மேஜையில் வைத்தார்.
ஓரத்துப் பெட்டியைத் தொட்டார்:
நான்கு சின்னச் சதுரம், எதிரே நான்கு பெயர்.
"இதில் பச்சை எது, சிவப்பு எது?"
குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார்.
"எனக்கு இரண்டும் ஒரே பேரீச்சம்பழ நிறம்.
யாரிடமும் சொல்லாதே."

பெட்டியைச் சொடுக்கி டெலிட் அடித்தேன்.
பஸ்ஸில் பக்கத்து ஆள் இறங்கினாற்போல
வரைபடம் கொஞ்சம் அகன்று உட்கார்ந்தது.
ஒவ்வொரு கோட்டின் கடைசிப் புள்ளியிலும்
லேபிள் சேர், எண்ணை எடு, பெயரை இடு.
ஏ பிளாக். பி பிளாக். சி பிளாக்.
நான்காவதில் கர்சர் துடித்துக்கொண்டிருந்தது.
அவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டி பிளாக்.

"டி-யில் யார் இருக்கிறார்கள்?"

வெல்டர் காஜா நஜ்முதீன்.
சாரம் கட்டுகிற மரியசூசை.
இரவு ஷிப்ட் நேபாளத்துப் பையன்கள், அறைக்கு ஆறு பேர்.
அப்புறம், சார், நான்.

பதினேழாம் தேதி டேங்கர் வரவில்லை.
பதினெட்டும் வரவில்லை.
ஏசியிலிருந்து சொட்டுவதை வாளியில் பிடித்து
முகம் கழுவினோம்.
அந்தப் பள்ளத்தின் அடியில்
உப்புப் பூத்த சட்டையோடு இருநூற்றுப் பத்துப் பேர்
உட்கார்ந்திருக்கிறோம்.
கோடு மெலிசு என்பதால் தெரிவதில்லை.

அவர் ஒன்றும் சொல்லவில்லை.
பேனாவால் பள்ளத்தைச் சுற்றி வட்டம் போட்டார்.
"இதற்கும் ஒரு லேபிள் வை."

என்ன எழுத என்று நான் கேட்கவில்லை.
'டேங்கர் வரவில்லை.'
எட்டாம் சைஸில் எழுதியும்
கோட்டின் மேலேயே ஏறி நின்றது.
பிடித்து இழுத்தேன், இடப்பக்கம், வலப்பக்கம்,
கடைசியில் கம்பெனி லோகோவைப் பாதி மறைத்தபடி
விட்டுவிட்டேன்.

மறுநாள் மேலாபீஸிலிருந்து போன்:
லோகோ சரியாகத் தெரியவில்லையே.

சரி சார் என்றேன்.
லோகோவைச் சின்னதாக்கினேன்.