ஐஸ்பெட்டிக்கு இருபுறமும்

விடிகாலை நாலரைக்கே கிளம்பிவிட்டோம்
அயோவாவின் சோளக்காட்டு இருட்டிலிருந்து.
ஏழு பேர், ஒரு வேன்,
பின்கதவின் உடைந்த தாழுக்கு ஒரு சணல்கயிறு.
நடு இருக்கையில் இந்த ஓரம் என் மாமனார் வெர்லின்,
அந்த ஓரம் அவருடைய அக்கா ஆர்டிஸ்.
இடையில் நீல ஐஸ்பெட்டி.
நான்தான் வைத்தேன்.
அளந்து வைத்தேன்.

நாற்பது ஏக்கரை விற்றுப் பத்தொன்பது வருடம்.
கையெழுத்துப் போட்ட பேனா யாருடையது என்பதில்கூட
ஆளுக்கொரு கதை.
சாவு வீடுகளில் தலையசைத்துக்கொள்வார்கள்,
அதுவும் சவப்பெட்டியைப் பார்த்து.
இருவரையும் ஒரே வண்டியில் ஏற்றியவள் என் மகள் கெல்சி.
கைக்குழந்தைக்காரி கேட்டால்
எங்கள் வீட்டில் யாரும் மறுப்பதில்லை.

மாமனார் வழிப்பலகை ஒவ்வொன்றையும்
சத்தமாக வாசித்துக்கொண்டே வந்தார்.
பெட்ரோல் பங்கில் ஆர்டிஸ்
தன் காபிக்குத் தானே சில்லறை எண்ணிக் கொடுத்தாள்.
மினியாபொலிஸ் நெரிசலில்
சின்னவன் டேன் ஐஸ்கிரீம் வாளியில் வாந்தியெடுத்தான்.
வாளியை ஆர்டிஸ் நீட்டினாள்,
மூடியை வெர்லின் வாங்கினார்.
பேச்சில்லை.

மலைமுகட்டில் சாலை திரும்பியதும்
நகரம், துறைமுகம், ஏரி மூன்றும்
ஒரே வீச்சில் தெரியும் என்று
டேரல் இரண்டு வாரமாகச் சொல்லி வைத்திருந்தான்.
திரும்பினோம்.
வெள்ளை.
துலூத் நகரமே இல்லை.
வைப்பரைப் போட்டேன், வேறென்ன செய்ய.
ஊரில் முப்பத்துமூன்று டிகிரி, இங்கே பதினொன்று.
அத்தனை பேரும் அரைக்கால்சட்டையில்.

ஏரி தெரியும் அறைக்கு
நாற்பது டாலர் கூடுதல் கட்டியிருந்தான் என் கணவன்.
திரையை விலக்கிவிட்டு நெடுநேரம் நின்றான்,
உலரப்போட்ட படுக்கைவிரிப்பைப் பார்ப்பவனைப்போல.

சாயங்காலம் கரைக்குப் போனோம்.
கரை இருந்தது. அதற்கப்பால் ஒன்றுமில்லை.
டேன் ஒரு கல்லை எறிந்தான்,
பனிக்குள்ளிருந்து
'தொபுக்'.
"இருக்கு" என்று அறிவித்தான்.
இன்னொன்று. "இங்கேயும் இருக்கு."
ஒரு கல்லுக்கு மட்டும் சத்தமே வரவில்லை.
அதைப் பற்றி இரவு உணவுவரை வாதம்.

மணி அடித்தார்கள்.
கால்வாய்ப் பாலம் எழும்பி எழும்பி
காணாமல் போனது.
பிறகு துருவேறிய ஒரு சுவர்
கைநீட்டினால் எட்டும்போல
எங்களைக் கடந்து நடக்க ஆரம்பித்தது.
கப்பல் என்று புரிவதற்குள் ஊதினான்,
ஒரு நீளம், இரண்டு குட்டை.
விலா எலும்பில் கேட்டது.
குழந்தை அழவில்லை. கத்தியது ஆர்டிஸ்.
எண்பத்துநான்கு வயதுக் கை
பக்கத்தில் கிடைத்த சட்டைக்கையைப் பற்றியது.
அது வெர்லினுடையது.

முந்நூறு மீட்டர் இரும்பு
மெல்லத்தான் போகும்.
அவர் அசையவில்லை.
மூக்கில் வடிந்ததைக்கூடத் துடைக்கவில்லை.

பின்விளக்கும் கரைந்த பிறகு
பிடியை விட்டாள்.
கசங்கிய துணியை இஸ்திரி போடுவதுபோல நீவினாள்.
"தையல் பிரியுது" என்றாள்.
"கடையில் வாங்கினது" என்றார்.
அவ்வளவுதான்.
இரவு முழுக்க
சாண்ட்விச்சில் கடுகு அதிகம் என்று
என்னிடம்தான் குறைபட்டாள்.

மறுநாள் மலையேறும்போது
பின்கண்ணாடியில் ஒரு கணம்
விரல் அகலத்துக்கு நீலம்.
ஓட்டுகிறவளுக்கு மட்டும் கிடைத்தது.
சொல்லலாமா என்று நினைப்பதற்குள்
முகடு தாண்டிவிட்டது.

பெட்டியைப் பழைய இடத்தில்தான் வைத்திருந்தேன்.
முழங்கையை அதன்மேல் ஊன்றியிருந்தார் அவர்.
நூறு மைல் கழித்துத்
தன் கைப்பையை அதே மூடியில் வைத்தாள் அவள்,
முழங்கையில் இடிக்காமல்.
ஐஸ் எப்போதோ உருகியிருந்தது.
வளைவுகளில் மட்டும்
உள்ளே தண்ணீர் கேட்டது.