விழுந்த கணக்கு

இன்றைக்கு வாசலில் இருநூற்றுப் பதினேழு தலை.
பெரியவர்களுக்குப் பத்து டாலர், பிள்ளைகளுக்குப் பாதி.
இந்தத் தீயணைப்பு நிலையக் கூடத்துக்கு வாடகை முந்நூறு.
மாநில ஆணையத்துக்கு ஒரு பங்கு.
ஆம்புலன்ஸ்காரர்கள் போன மாதத்துப் பாக்கியையும்
சேர்த்துக் கேட்கிறார்கள்.

மிச்சத்தை உறைகளில் போடுவது நான்,
சமையலறைத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு.
சுவருக்கு அந்தப் பக்கம்
எவனாவது பலகையில் விழும்போதெல்லாம்
என் சில்லறை ஒரு விரல்கடை நகர்கிறது.

ஜெயித்தவனுக்குக் கூட, தோற்றவனுக்குக் குறைவு என்று
புதிதாக வருகிறவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள்.
ஜெயிப்பதையும் தோற்பதையும்
மதியம் மூன்று மணிக்கே
காபிக் கோப்பையின் முதுகில் எழுதிவிடுகிறான் என் அண்ணன்.
சம்பளம் வேறு கணக்கு.
எவன் மூஞ்சியைப் பார்க்க
எத்தனை பேர் வண்டியெடுத்து வந்தார்கள் என்பது.

சவப்பெட்டி ஹார்லன்: இருநூறு.
எப்போதோ ஒரு பருவம் டிவியில் வந்தவன்.
அவன் சட்டை மேசை தனி,
அதில் நாங்கள் கை வைப்பதில்லை.
பெண்கள் ஆட்டம்: ஒருத்திக்கு அறுபது.
அந்த அறுபதுக்கு அண்ணனோடு நான் போட்டது
நிஜச் சண்டை.
கயிறு கட்டி, பலகை சுமந்த பையன்கள்:
ஆளுக்கொரு ஹாட்டாக், கடுகுச் சாந்து வேண்டியமட்டும்.

ஆர்வில் டீக்: நாற்பது.
பத்தொன்பது வருடமாக நாற்பது.

அடி விழும், மழை விழும்,
ஊரில் யாருக்கோ லாட்டரிகூட விழும்.
ஆர்விலுக்கு மட்டும்
அவன் விழுந்தால்தான் காசு விழும்.
நூற்றுப் பத்துக் கிலோ
ஒரு நோஞ்சான் பயலின் தோளுக்கு மேலே எழும்பி
ஒரு கணம் அங்கேயே யோசித்துவிட்டு
முதுகு முழுக்கத் தரையில் அறைய
மூன்றாம் வரிசைச் சிறுமி நாற்காலியில் ஏறிக் கத்துகிறாள்.
பிறகு போய் சட்டை வாங்குகிறாள்,
ஹார்லன் மேசையில்.
ஆர்விலுக்குச் சட்டையே கிடையாது.
தோற்கிறவன் படத்தை
யார் மார்பில் போட்டுக்கொள்வார்கள்?

சேன்ஸ்வில்லிலிருந்து நான்கு பேர் ஒரே காரில்.
பெட்ரோலுக்கு அவன் பங்கு பதினொன்று.
வழியில் சாப்பாடு ஒன்பது.
பனிக்கட்டி இலவசம், எங்கள் இயந்திரம்.
காப்பீடு என்ற வார்த்தையை
இந்தச் சமையலறையில் யாரும் சொன்னதில்லை.

இன்னொன்று உண்டு: ரத்தம். இருபது டாலர்.
முன்கூட்டிச் சொல்லி, பட்டைக்குள் பிளேடுத் துண்டு ஒளித்து
நெற்றியில் தானே கீறிக்கொண்ட ரத்தத்துக்கு.
தவறிப்போய் வந்த ரத்தத்துக்கு
என் நோட்டில் கட்டமில்லை.
தவறவிட்டவனுக்கு
அண்ணன் அடுத்த மாதம் ஆட்டம் கொடுப்பதுமில்லை.

பத்தேகாலுக்கு ஆர்வில் வந்தான்.
இடது புருவம் பிளந்து, துண்டு சிவந்திருந்தது.
அவனுக்குப் பின்னால், கதவோரம்,
முழங்கையைப் பிடித்தபடி
கோல்டர், பத்தொன்பது வயது, இது மூன்றாவது ஆட்டம்.
வாயைத் திறக்கப் போனான்.

"நானேதான் கீறிக்கொண்டேன்" என்றான் ஆர்வில்.
"மதியமே உன் அண்ணனிடம் சொல்ல நினைத்து
மறந்துவிட்டேன்."

அவன் மணிக்கட்டைப் பார்த்தேன்.
வெள்ளைப் பட்டை சுற்றியது சுற்றியபடி,
ஒரு நூல் பிரியவில்லை.
அவனும் அதைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.
இருநூற்றுப் பதினேழு பேரும்
கார் எடுத்துப் போய்விட்டிருந்தார்கள்.
அவன் முகத்தில் ஒரு தசை அசையவில்லை.

ரத்தம், இருபது, என்று எழுதினேன்.
பெட்டியில் தாளாக இல்லை,
காலணாக்களாக எண்ண வேண்டியிருந்தது, எண்பது.
எண்ணி முடிக்கும்வரை
துண்டை அழுத்திக்கொண்டு நின்றான்.

"ஹாட்டாக் மிச்சம் இருக்கிறதா?" என்று கேட்டான்.
ஒன்று இருந்தது.
பையனிடம் நீட்டினான்.