புள்ளியில் சேராதவள்

கோனாபட்டு. ஆடி கழிந்த இரண்டாம் சனி.
பதினோரு புள்ளியும் பட்டாலையில் வந்து உட்கார்ந்தாயிற்று.
நான் கணக்கு எழுத வந்தவள்.
சாமான் பெயர், சேதாரம், விலை:
பேரேட்டில் மூன்றே பத்தி.

தேக்குத் தூண் கிடக்கட்டும், கண்ணாடி பிறகு,
அந்த வெள்ளைக்காரப் பொம்மைகளை முதலில் பாருங்கள் என்றார்
காரைக்குடித் தரகர்.
கப்பலில் வந்த பளிங்கு.
பழைய ரசீதில் ஏழு என்றிருக்கிறது.
வளவைச் சுற்றி நின்றது ஆறு.

யாரும்மா இவர்களெல்லாம்?

அஞ்சல் வழியில் வரலாறு படித்தவள் நான்,
கையில் இருப்பதைப் பார்த்து ஆளைச் சொல்வேன்.

தலைக்கவசக்காரி அதீனா.
அப்பன் மண்டையைப் பிளந்துகொண்டு பிறந்தவள்,
போருக்கும் தறிக்கும் ஒருத்தியே பொறுப்பு.
அவள் ஈட்டியை உருவி
யாரோ திரைச்சீலை மாட்டியிருந்தார்கள்.

மயிலோடு நிற்பவள் ஹீரா.
ஊர்க் கல்யாணங்களுக்கெல்லாம் காவல்,
தன் கல்யாணத்தைத்தான் காக்க முடியவில்லை.
மயிலைப் பார்த்து முருகன் வீட்டாள் என்று நினைத்து
வைத்த குங்குமம்
சோப்புப் போட்டும் போகவில்லை.
(சேதாரம் என்று எழுதுவதா,
பூசை என்று எழுதுவதா?)

கடல்நுரையில் பிறந்த அப்ரோதித்திக்குத்
தேங்காய்ப்பூத் துண்டு கட்டி
மானம் காத்திருந்தது வீடு.
வேட்டைக்காரி ஆர்ட்டெமிஸின் வில்லில்
கொடிக்கயிறு, இரண்டு கவ்விகள்.

கதிர்க்கட்டோடு தாய் டிமீட்டர்,
எதிர்த் தூணில் மாதுளையோடு மகள் பெர்சிபோனி.
பாதாளத்தில் அவள் தின்றது சில முத்து,
ஒரு முத்துக்கு ஒரு மாதம் கீழே இருக்க வேண்டும்.
அந்த மாதங்களில் மேலே
ஒரு புல் முளைக்க விடமாட்டாள் தாய்.

அட, வட்டிக் கணக்கு மாதிரியல்லவா இருக்கு,
என்று நிமிர்ந்தார் மூன்றாம் புள்ளி சாத்தையா.
முதல் கட்டினது யாரு?

ஏழாவது எங்கே என்று யாரும் கேட்கவில்லை.
இரண்டாங்கட்டில் டீ போட்டுக்கொண்டிருந்த
சிகப்பிதான் கூப்பிட்டாள்.
ஐம்பத்திரண்டு வயது. பள்ளத்தூரில் வேதியியல் டீச்சர்.
கட்டிக்கொண்டவர்களுக்கே புள்ளி;
அவள் கட்டிக்கொள்ளவில்லை.

வரிசையாக அடுப்புகள்.
வேறு வைத்த ஒவ்வொரு மகனுக்கும் ஒன்று.
கடைசி அடுப்புக்குப் பின்னால்
சுவரோடு சுவராக ஒரு கருப்பு.
சேலைத் தலைப்பை ஈரமாக்கித் தேய்த்தாள் சிகப்பி.
முக்காடு வந்தது. மூக்கு வந்தது.
கையில் ஒன்றும் வரவில்லை.
ஈட்டி இல்லை, மயில் இல்லை, கனி இல்லை.

ஹெஸ்டியா, என்றேன்.
அடுப்புக்குச் சொந்தக்காரி.
இரண்டு தேவர்கள் பெண் கேட்டார்கள்,
ஜீயஸ் தலையில் கைவைத்து
மாட்டேன் என்று சத்தியம் செய்தவள்.
பன்னிரண்டு ஆசனத்தில் தன்னுடையதை
வேறொருவனுக்கு விட்டுக்கொடுத்து
நெருப்புப் பக்கம் போய் உட்கார்ந்ததாகச் சொல்வார்கள்.
கதை அவ்வளவுதான். ஆனால்
எந்த விருந்திலும் முதல் துளி அவளுக்கு.
கடல் கடந்து புது ஊர் போனால்
பழைய ஊர் அடுப்பிலிருந்து
அவளைத்தான் கொண்டுபோவார்கள்.

சிகப்பி ஒன்றும் சொல்லவில்லை.
அவளுக்குக் கதையைவிட
மூக்கின் நுனியில் ஒட்டிய கரி
பெரிய விசயமாக இருந்தது.
கார்பன், என்றாள். தின்னர் கேட்கும்.

பட்டாலையில் அதீனாவுக்குச் சண்டை பிடித்திருந்தது.
நான்காம் புள்ளி ஏழாம் புள்ளியைச்
செத்துப்போன ஆத்தாளை இழுத்துத் திட்ட,
நாங்கள் இருவரும் எட்டிப் பார்த்தோம்.

அந்த இடைவெளியில் பால் பொங்கி
கேஸ் அடுப்பில் வழிந்தது.
நீலத் தீ ஒருமுறை மஞ்சளாகித்
தன் பங்கைக் குடித்துக்கொண்டது.

தரகர் உள்ளே வந்து தட்டிப் பார்த்தார்.
கருங்கல்லுங்க. எடைக்கும் ஆகாது.

அப்படியே எழுதினேன்.
சாமான்: கல். சேதாரம்: கரி. விலை: இல்லை.
யாருக்கு என்று ஒரு பத்தி பேரேட்டில் கிடையாது.
ஓரத்தில், கோட்டுக்கு வெளியே,
சி என்று மட்டும் எழுதினேன்.

டீயில் சர்க்கரை
கொஞ்சம் தூக்கல்.